வீட்டுக்கு சென்ட்ரல் வாக்குவம் வேண்டுமா?

(புணே, வானவடியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டங்களில் சாதாரணமாக உபன்யாசம் இருக்கும். இல்லாவிட்டால் வருமான வரி பற்றி ஓர் ஆடிட்டர் பேசுவார். இன்று தூசியைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும். நம் உறுப்பினர்களில் மூன்று குடும்பங்கள் இப்போது தனி வீடு கட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று இங்கே உண்ட்ரி பக்கம், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று ஸ்ரீரங்கத்தில். மூன்று பேருக்கும் டொரோண்டோவிலிருந்தோ நியூ ஜெர்ஸியிலிருந்தோ பிள்ளையோ பெண்ணோ ஃபோன் செய்து, "அப்பா, சென்ட்ரல் வாக்குவம் போட்டுடுங்கோ, அம்மாவோட மூச்சிரைப்புக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். "நீங்கள் ஃபிஸிக்ஸ் படித்தவர், ஸர்க்காரில் டெண்டர் பார்த்தவர், எங்களுக்குப் புரியும்படி சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் ஆத்திலும் ஆஸ்துமா உண்டு என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகவே பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குத் தலைமாட்டில், சுவரில் ஆக்ஸிஜன் முனைக்குப் பக்கத்திலேயே இன்னொரு முனை இருக்கும். சளியை உறிஞ்சி எடுப்பதற்கான வாக்குவம் அது. படுக்கைக்குப் படுக்கை பம்ப் கிடையாது. கட்டிடத்தின் ஒரு மூலையில் பம்ப், அங்கிருந்து சுவருக்குள் குழாய். கோவையிலிருந்து வந்தவர்கள் நூற்பாலையில் பார்த்திருப்பீர்கள். இயந்திரங்களிலிருந்து பறக்கும் பஞ்சுத் தூசியைக் குழாய் வழியே உறிஞ்சி, ஓரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வீட்டு சென்ட்ரல் வாக்குவமும் அதே ஏற்பாடுதான். மோட்டாரும் தூசி டப்பாவும் பால்கனியிலோ கார் நிறுத்துமிடத்திலோ சுவரில் மாட்டியிருக்கும். அங்கிருந்து பி.வி.சி. குழாய் சுவருக்குள் ஓடி, ஒவ்வொரு மாடியிலும் இரண்டொரு இடத்தில் மூடியிட்ட வாயில் முடியும். மூடியைத் திறந்து 9 மீட்டர் நீளமுள்ள ஹோஸைச் செருகினால் மோட்டார் ஓடும். நாம் தூக்கிச் செல்வது ஹோஸும் பிரஷும் மட்டுமே.

இது ஏதோ புதிய அமெரிக்க நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். கையில் இழுத்துப் போகும் வாக்குவம் கிளீனருக்கு முன்னால் பிறந்தது இந்த மாதிரிதான். 1901-இல் லண்டனில் ஹ்யூபர்ட் ஸெஸில் பூத் என்ற எஞ்சினியர் செய்த இயந்திரம் தெருவில் குதிரை வண்டியில் நிற்கும். ஜன்னல் வழியாக நீளக் குழாயை உள்ளே விட்டுத் தூசியை உறிஞ்சுவார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அப்படித்தான் சுத்தம் செய்தார்கள். அதே 1902-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில், ஃப்ரிக் பில்டிங் என்ற உயரமான கட்டிடத்தில் டேவிட் கென்னி என்பவர் சுவர்களுக்குள் குழாய் ஓட்டி, ஓரிடத்தில் நிலையாக இயந்திரம் வைத்தார். சின்ன இயந்திரம் பிறகுதான் வந்தது. ஓஹையோவில் ஒரு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர், பெருக்கும்போதெல்லாம் தன் ஆஸ்துமா அதிகமாகிறதே என்று, தலையணை உறையைப் பையாகக் கட்டி ஒன்று செய்தார். 1908-இல் அதற்குப் பேடண்ட் கிடைத்தது. அந்த உரிமை ஹூவர் குடும்பத்திடம் போய் உலகமெல்லாம் பரவியது. ஆக, துடைப்பத்தால் மூச்சிரைத்த ஒருவரிடமிருந்து வந்தது நாம் அறிந்த வாக்குவம் கிளீனர். நம் ஊரில் 1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கிய பிறகு, டை கட்டிய இளைஞர்கள் வீடு வீடாக வந்து, மெத்தையை உறிஞ்சி வெள்ளைத் துணியில் தூசியைக் கொட்டிக் காட்டியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பாதிப் பேர் வாங்கினோம். அதில் முக்கால்வாசி பரணில்தான் இருக்கிறது.

ஏன் பரணுக்குப் போயிற்று? தூக்க முடியவில்லை, ஒயர் எட்டவில்லை, சத்தம் தாங்கவில்லை. இன்னொரு காரணம் பலருக்குப் புலப்படவில்லை. அதுதான் இன்றைய பேச்சின் மையமான விஷயம். உறிஞ்சிய தூசி எங்கே போகிறது?

தூசியில் பெரியது, சிறியது என்று உண்டு. நம் தலைமயிரின் குறுக்களவு ஏறக்குறைய 70 மைக்ரான். 10 மைக்ரான் அளவுள்ள துகள் ஒன்று, தண்ணீரின் அடர்த்தி உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள், அசையாத காற்றில் நம் மூக்கு உயரத்திலிருந்து, அதாவது ஒன்றரை மீட்டரிலிருந்து, தரைக்கு வர ஏறக்குறைய 8 நிமிஷம் ஆகும். அதே துகள் 1 மைக்ரானாக இருந்தால்? ஏறக்குறைய 12 மணி நேரம். மண் துகள் கனமானது, கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். ஆனால் வீட்டில் காற்று அசையாமல் எப்போது இருக்கிறது? ஃபேன் சுற்றுகிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு பாயி வந்து ஜாடு-ஃபர்ஷி முடித்துவிட்டுப் போகிறார். தரை பளபளக்கிறது. ஆனால் துடைப்பம் கிளப்பிவிட்ட நுண்ணிய தூசி, இரவு சாப்பாட்டு நேரத்திலும் கூடத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போகக்கூடியது இந்தச் சின்னத் துகள்தான். கண்ணுக்குத் தெரியும் குப்பை மூச்சுக்குள் போவதில்லை. இதில் முதலில் அகப்பட்டுக்கொள்வது, குனிந்து பெருக்கும் அந்த அம்மாள்தான். ஒரு நாளைக்கு ஆறு வீடு பெருக்குகிறவரின் நுரையீரலைப் பற்றி நம் வீட்டுப் பேச்சில் வருவதே இல்லை.

அக்ரஹாரத்து வீட்டில் நம் பாட்டிமார்களும் துடைப்பத்தால்தானே பெருக்கினார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் தண்ணீர் தெளித்துப் பெருக்கினார்கள். ஈரம் பட்டால் துகள் ஒட்டிக்கொள்ளும், கிளம்பாது. முற்றம் இருந்தது, ரேழி இருந்தது, வாசலும் கொல்லையும் திறந்திருந்தன. பெருக்கியது வெளியே போயிற்று. இங்கே பழைய வாடாக்களிலும் நடுவில் முற்றம், தரையில் ஷாஹாபாத் கல். இப்போது நாம் இருப்பது ஜன்னல் சாத்திய டப்பாக்களில். போதாததற்கு சுற்றிலும் கட்டிட வேலை. மார்ச்சிலிருந்து மே வரை வானவடியில் காலையில் துடைத்த டீப்பாயின் மேல் சாயங்காலம் விரலால் எழுதலாம்.

சாதாரண வாக்குவம் கிளீனர் என்ன செய்கிறது? முன்பக்கம் தூசியை உறிஞ்சுகிறது. பின்பக்கம் காற்றை அதே அறையில் விடுகிறது. ஃபில்டர் சுமாராக இருந்தால் பெரிய குப்பை பையில் நிற்கும், நுண்ணிய தூசி திரும்ப அறைக்கே வரும். துடைப்பத்துக்கும் அதற்கும் அப்புறம் பெரிய வித்தியாசம் இல்லை. ஹெப்பா ஃபில்டர் உள்ளது என்றால் கதை வேறு, 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைத் தடுப்பதற்குத்தான் அமெரிக்க முறைப்படி ஹெப்பா என்று பெயர். சென்ட்ரல் முறையில் காற்று அறைக்கே திரும்புவதில்லை. வீட்டுக்கு வெளியே போகிறது. அதன் பெருமை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான். மோட்டார் எத்தனை குதிரை சக்தி என்பதில் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தானே தெரியும். ஸாளுங்கே விஹாரிலும் ஃபாத்திமா நகரிலும் கட்டி முடித்த ஃபிளாட்டில் இருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன். சுவரை உடைக்க வேண்டும், ஃபால்ஸ் ஸீலிங் போட வேண்டும். குழாய்க்காக யாராவது கான்கிரீட் பீமில் துளை போடலாம் என்று சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்கு, ஹெப்பா ஃபில்டரும் காகிதப் பையும் உள்ள ஒரு நல்ல சாதாரண வாக்குவம், அதன் பின்னால் ஈரத் துணி, இவ்வளவு போதும். இப்போது ரோபோ வந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தானே போய்ப் பெருக்குகிறது, சந்தோஷம். ஆனால் பல ரோபோக்களில் அந்தச் சின்ன டப்பாவை நாம்தான் வீட்டுக்குள் திறந்து தட்டுகிறோம். தூசி எங்கே போகிறது என்ற கேள்வியை அதனிடமும் கேளுங்கள்.

வீடு செங்கல் நிலையில் இருக்கிறது, இரண்டு மாடி இருக்கிறது, வீட்டில் ஆஸ்துமாவோ தூசி அலர்ஜியோ உள்ளவர் இருக்கிறார், மாடிப்படியில் பாரம் தூக்க முடியாத வயது என்றால், யோசியுங்கள். அப்போதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாக்குவம் மருந்து அல்ல. மெத்தையில் குடியிருக்கும் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாதது; நூலைப் பற்றிக்கொண்டு இருக்கும், உறிஞ்சினால் எல்லாம் வந்துவிடாது. படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் சாகும். இது போட்டாயிற்றே என்று டாக்டர் கொடுத்த இன்ஹேலரை யாரும் நிறுத்த வேண்டாம்.

இனி வாங்கும் விஷயம். கடையில் போனதும் உங்களுக்கு இயந்திரத்தைத்தான் காட்டுவார்கள். ஸ்டீல் டப்பா, விளக்கு, டிஸ்ப்ளே. அதைக் கடைசியில் பாருங்கள். இயந்திரம் சுவரில் மாட்டிய பொருள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அதைக் கழற்றி வேறு கம்பெனியுடையதை மாட்டலாம். குழாயை மாற்ற முடியாது. பூசிய சுவருக்குள் போன குழாய் வீடு இருக்கும்வரை இருக்கும். ஆகவே உங்கள் கவனத்தில் முக்கால் பங்கு குழாய்க்குப் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ரோ-ஹவுஸ், மூன்று தளம். பிள்ளை வெளிநாட்டிலிருந்து நல்ல இயந்திரமாக வரவழைத்துக் கொடுத்தார். குழாய் போட்டது வழக்கமான பிளம்பர். வரைபடத்தில் 2 அங்குலம் என்று இருந்ததை அவர், "பெரிதாகப் போட்டால் நல்லது, அடைக்காது சாப்" என்று 75 மில்லிமீட்டராக மாற்றிவிட்டார். வளைவுகளுக்குத் தண்ணீர்க் குழாயின் சாதாரண எல்போ. கிருஹப்பிரவேசம் முடிந்து ஒரு வருஷம் ஓடிற்று. பிறகு மேல் மாடியில் உறிஞ்சல் குறைந்தது, அப்புறம் நின்றே போயிற்று. இயந்திரத்தை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் பூஜை அறைக்குப் பின் சுவரை உடைத்தார்கள். நெட்டுக்குத்தான குழாயின் அடி வளைவில் தலைமயிர், பூச்சரத்தின் நார், தர்ப்பைத் துண்டு, அதன் மேல் ஒரு வருஷத் தூசி, கெட்டித்துப்போன ஆணி வேர் மாதிரி.

பிளம்பர் சொன்னது தண்ணீருக்குச் சரி, காற்றுக்குத் தவறு. கணக்குப் பாருங்கள். நிமிஷத்துக்கு 100 கன அடி காற்று 2 அங்குலக் குழாயில் போகும்போது வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 26 மீட்டர். அதாவது மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல்; மணலையும் மயிரையும் தூக்கிக்கொண்டு போகும் வேகம். அதே காற்று 75 மில்லிமீட்டர் குழாயில் போனால் வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். காற்று போய்விடும், மணல் வழியில் உட்கார்ந்துவிடும். அகலமான வாய்க்காலில் வண்டல் படிவது போலத்தான்.

அளவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அமெரிக்க, கனடா முறைக் குழாயின் வெளிக் குறுக்களவு 50.8 மில்லிமீட்டர். நம் ஊர்த் தண்ணீர்க் குழாய், ஐ.எஸ். 4985 படி வருவது, 50 மில்லிமீட்டர், சுவரும் தடிமன். 0.8 மில்லிமீட்டர்தானே என்று ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஸிமெண்ட் தடவினால் அங்கே கசியும். குழாய், எல்போ, வாய் எல்லாம் ஒரே முறையைச் சேர்ந்ததாக, ஒரே இடத்தில் வாங்குங்கள். பின்னால் எந்தக் கம்பெனி இயந்திரத்தை மாட்டினாலும் பொருந்தும்படி பரவலான அளவில் இருப்பது நல்லது. இயந்திரத்தின் ஆயுள் பல சமயம் அதை விற்ற டீலரின் ஆயுளைவிட அதிகம். நான் வேலையில் இருந்த காலத்தில், ஏஜென்ஸி மூடிப்போனதால் உதிரி பாகம் கிடைக்காமல் நின்ற சாமான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாம் எல்-1 விலைக்கு வாங்கியவை.

வளைவு திடீரென்று திரும்பக் கூடாது. நீள வளைவாக இருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் இரண்டு 45 டிகிரி வளைவு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகிய வளைவு வேண்டும். அது சுவர் வாய்க்கு நேர் பின்னால். கொண்டை ஊசியோ பென்சிலோ உள்ளே போனால் அங்கேயே நிற்கும், கையை விட்டு எடுத்துவிடலாம். அங்கே தாண்டியது வேறெங்கும் சிக்காது. இந்த யோசனையைச் செய்தவருக்கு நமஸ்காரம் பண்ண வேண்டும். குழாயை ஒட்டும்போது ஸிமெண்டைக் குழாயின் வெளிப்புறத்தில் தடவ வேண்டும். எல்போவின் உள்ளே தடவினால் செருகும்போது பிதுங்கி உள்பக்கம் முடிச்சாக நிற்கும். மயிர் சிக்க அது போதும். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் கத்தியால் சீவச் சொல்லுங்கள். இதெல்லாம் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்தால் நடக்காது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நமக்கு வேறென்ன வேலை?

பூச்சுக்கு முன்னால் கசிவு பார்த்தே ஆக வேண்டும். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பழைய வாக்குவம் பிரேக் ரயில்களில் எஞ்சினில் ஒரு வாக்குவம் மானி, கடைசியில் கார்டு வண்டியில் ஒரு மானி இருக்கும். எஞ்சின் காட்டுவது மட்டும் போதாது. கார்டு வண்டி மானியும் சொன்னால்தான் வண்டி கிளம்பும். நடுவில் எங்கே ஹோஸ் கசிந்தாலும் அங்கே தெரிந்துவிடும். வீட்டிலும் அப்படியே. எல்லா வாயையும் மூடி, இயந்திரத்திலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் வாயில் மானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் காட்டும் அளவுக்கு அது ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். டீலர் ஹோஸை இயந்திரத்திலேயே செருகி, "பாருங்கள், கையை இழுக்கிறது" என்று காட்டினால், அது எஞ்சின் மானி.

வாய் எங்கே வைப்பது? ஒன்பது மீட்டர் கயிறு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். நினைத்த இடத்தில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சுற்றி, சோபாவைச் சுற்றி, கட்டிலின் அந்தப் பக்கம் வரை எட்டுகிறதா என்று நடந்து பாருங்கள். நேர்கோட்டில் அளக்காதீர்கள். வீடு முழுவதற்கும் எத்தனை வாய் என்பதைக் கயிறு சொல்லும், விற்பவர் சொல்ல வேண்டாம். உயரம், ப்ளக் பாயிண்ட் மாதிரி தரையோரம் வேண்டாம். இரண்டரை அடி உயரத்தில் வைத்தால் முழங்கால் வலிக்காரர்கள் குனிய வேண்டாம். சமையலறை மேடைக்கு அடியில் ஒரு தட்டை வாய் வைக்கலாம். பெருக்கிக் கொண்டுவந்து காலால் தட்டினால் வெங்காயத் தோலை விழுங்கிவிடும். நம் வீட்டுக்கு அது மிக உபயோகம், ஆனால் ஈரத் தரையில் கூடாது.

மாமிகளிடமிருந்து ஒரு கேள்வி வரும் என்று தெரியும். ஒரு வீட்டில் வந்தே விட்டது. "செருப்பு வைக்கிற இடத்தை உறிஞ்சின அதே ஹோஸ் பூஜை அறைக்குள்ள வரலாமா?" நியாயமான கேள்வி. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் தனியாக ஒரு குட்டி ஹோஸும் பிரஷும் வாங்கி அங்கேயே மாட்டிவிடுங்கள். சுவருக்குள் போகும் காற்று ஒரு திசையில்தான் போகிறது, திரும்பி வருவதில்லை.

இயந்திரத்துக்கு வருவோம். வாக்குவம் தூசியை "இழுப்பதில்லை". உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளிக்காற்று தள்ளுகிறது. கடல் மட்டத்தில் காற்றின் முழு அழுத்தம் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். நல்ல வீட்டு இயந்திரம் வாயை அடைத்த நிலையில் 3 மீட்டர் தண்ணீர் அளவுக்கு, அதாவது 120 அங்குலம் போல, அழுத்தத்தைக் குறைக்கும். அட்டையில் "வாட்டர் லிஃப்ட்" என்று இருப்பது அதுதான். இன்னொரு எண் காற்றோட்டம், நிமிஷத்துக்கு இத்தனை கன அடி. இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் பெரிதாகப் போட்டு மற்றதைச் சொல்லாத விளம்பரத்தைத் தள்ளுங்கள். வாட் கணக்கு மின்சாரம் எவ்வளவு தின்னும் என்பதைச் சொல்லும், உறிஞ்சுவதைச் சொல்லாது. இந்த எண்களெல்லாம் கடல் மட்டத்துக்கு. புணே 560 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று 5 சதவீதம் போல மெல்லியது. பெங்களூர்க்காரர்களுக்கு 10 சதவீதம் போல. உறிஞ்சலும் அந்த அளவுக்குக் குறையும். சென்னைக்காரர்களுக்குக் குறைவு இல்லை, அவர்களுக்கு ஈரம்தான் சத்ரு.

ஃபாரினிலிருந்து கப்பலில் அனுப்பும் இயந்திரம் 120 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்று முதலில் கேளுங்கள். 120 வோல்ட் என்றால் அன்பளிப்பை அன்போடு மறுத்துவிடுங்கள். அதற்குக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டியிருக்கும். மோட்டார் 1500, 2000 வாட் என்று எடுக்கும். தனி 16 ஆம்பியர் லைனும் தனி எம்.ஸி.பி.யும் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்க வேண்டாம். சுவர் வாய்க்குப் போகும் ஒயர் 24 வோல்ட்தான், குழந்தைகள் தொட்டாலும் பயமில்லை. மின்சாரம் ஓடும் ஹோஸ், சுழலும் பிரஷ் என்று கூடவே விற்பார்கள். அது சுவரோடு சுவர் கம்பளம் விரித்த ஊர்களுக்கு. டைல்ஸ், கிரானைட் தரைக்கு மென்மையான மயிர் பிரஷ் போதும், பணம் மிச்சம்.

பை உள்ளதா, பை இல்லாததா என்பதில் பை உள்ளதே என் கட்சி. ஆஸ்துமாவுக்காக வாங்கிவிட்டு, மூன்று மாதத் தூசி நிறைந்த டப்பாவைத் திறந்து நாமே தட்டினால் என்ன பிரயோஜனம்? பை என்றால் வாயை மூடி எடுத்துப் போட்டுவிடலாம். மூக்குத்தியோ தோடோ உள்ளே போய்விட்டால் தேடவும் பை சௌகரியம். பை தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டு, இரண்டு வருஷத்துக்கு வேண்டியதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் காற்றுக் குழாய் அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. நம் தூசி அவர்களுடையது ஆகிவிடும், சத்தமும் சேர்ந்து. வாயில் தானே மூடிக்கொள்ளும் மடல் வேண்டும். புணே புறாக்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குளவி கூடு கட்டும். மொட்டை மாடியில் இயந்திரத்தை வைத்தால் சாரல் படாத கூண்டு வேண்டும், காற்றும் வர வேண்டும். மோட்டார் சூடாகும்.

பராமரிப்பு கஷ்டமில்லை, ஞாபகம்தான் வேண்டும். பையைச் சங்கராந்திக்கு ஒரு தடவை, மழை தொடங்குமுன் ஒரு தடவை, தீபாவளிச் சுத்தம் முடிந்து ஒரு தடவை என்று பண்டிகையோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் நிறைந்தால் அப்போதும். மழைக்கு முன் மாற்றுவது முக்கியம். பழைய தூசி ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். ஃபில்டரையும் அப்போதே பார்த்துவிடலாம். சுவர் மூடியின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்தால் மாற்ற வேண்டும், அங்கேதான் முதலில் கசியும். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும். சில நூறு மணி நேரம் ஓடும். தினம் இருபது நிமிஷம் என்றால் வருஷத்துக்கு 120 மணி நேரம், கணக்கு வைத்துக்கொள்ளலாம். மோட்டாருக்குள் அளவுக்கு மீறிப் பொறி பறந்தாலோ, சத்தம் மாறினாலோ ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள். தேய்ந்த பிரஷ்ஷை மாற்றாமல் விட்டு மோட்டாரையே எரித்த வீடுகள் உண்டு.

உறிஞ்சல் குறைந்தால் பதற வேண்டாம். ஹோஸைக் கழற்றி, சுவர் வாயில் உள்ளங்கையை வையுங்கள். இழுத்தால் குழாய் சரி, அடைப்பு ஹோஸில். இழுக்காவிட்டால் வேறொரு வாயில் பாருங்கள். அங்கே இழுத்தால் இந்தக் கிளையில்தான் அடைப்பு. எங்குமே இழுக்காவிட்டால் பை, ஃபில்டர், அல்லது எங்கோ ஒரு மூடி திறந்திருக்கிறது. ஹோஸில் அடைப்பு என்றால், அதைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பிடி முனையைச் சுவர் வாயில் அழுத்திப் பிடித்து ஓட்டினால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். கம்பியும் கர்ட்டன் ராடும் விட்டுக் குத்தாதீர்கள், ஹோஸ் ஓட்டையாகும்.

எதை உறிஞ்சக் கூடாது என்பது நம் வீடுகளுக்குத் தனிப் பட்டியல். ஹோம குண்டத்துச் சாம்பல், சாம்பிராணித் தணல், ஊதுவத்திச் சாம்பல், கற்பூரத் தட்டு. அணைந்தது போலத் தெரியும் தணல் குழாய்க்குள் 90 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, போய்ச் சேருமிடம் காய்ந்த தூசி நிறைந்த பை. ஆயுஷ்ய ஹோமம், கணபதி ஹோமம் நடந்த அன்று அந்த இடத்தை ஈரத் துணியால் எடுங்கள். விபூதியும் அரிசி மாக்கோலமும் கொட்டினாலும் அப்படித்தான். அவ்வளவு நைஸான பொடி ஃபில்டரின் கண்ணை ஒரே நாளில் அடைக்கும். தர்ப்பையும் பூச்சரமும் கையால் பொறுக்கி எடுக்க வேண்டியவை. கட்டிட வேலை மிச்சமான பி.ஓ.பி., ஸிமெண்ட் தூசியை இதனால் எடுக்க பில்டரின் ஆட்கள் ஆசைப்படுவார்கள். அவர்கள் போகும்வரை ஹோஸைப் பூட்டி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பூச்சு வேலை தொடங்கும் முதல் நாள், ஒவ்வொரு சுவரையும் குழாயோடு ஃபோட்டோ எடுத்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எத்தனை அடி என்று எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும் கார்ப்பெண்டருக்கும், வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும்.

அந்தப் பக்கத்து மேஜையில் 50.8 மில்லிமீட்டர் குழாய் ஒரு துண்டும், நீள வளைவு ஒன்றும், சாதாரண எல்போ ஒன்றும் வைத்திருக்கிறேன். இரண்டு வளைவுக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காபி வந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறார்கள். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.